ஏழாம் நம்பர் மெஷினின் ஸ்க்ரூ

மண்ணெண்ணெய்த் தட்டில் இரண்டாவது முறை பிரஷ் போட்டுத் தேய்த்தபோதுதான் அந்த ஊதா நிறம் தெரிந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பின்னறையில் நான் சொந்தமாக, இரும்பைச் செதுக்கும் ஒரு சின்ன மில்லிங் மெஷின் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் மேசையை நகர்த்த ஒரு பால் ஸ்க்ரூ வேண்டும்: புரி வெட்டிய தண்டு, அதன்மேல் ஓடும் நட்டு, நட்டுக்குள் வரிசையாக உருளும் எஃகுக் குண்டுகள். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. என் பழைய ஃபேக்டரியில் மெஷின்களைக் கழித்துக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து காலையில் ஒன்றைத் தூக்கி வந்தேன். நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து நட்டைத் தள்ளிப் பார்த்தேன். முள் இரண்டு கோட்டுக்கு மேல் ஆடக்கூடாது. பன்னிரண்டு ஆடியது. தேய்மானம்தான், புதுக் குண்டு போட்டால் சரியாகிவிடும் என்று கழுவ உட்கார்ந்தேன்.

இறுகிப்போன கிரீஸ் கரையக் கரைய, நட்டின் விளிம்பில் பொறித்திருந்த எண் வெளியே வந்தது. ஏழு. ஒன்பது வருஷம் நான் ஓட்டிய மெஷின். குண்டுகள் சுற்றித் திரும்புகிற குழாயைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்களின் தலையில் ஊதா நெயில் பாலிஷ். என் நெயில் பாலிஷ்! இறுக்கிய ஸ்க்ரூ தளர்ந்தால் தெரியட்டும் என்று ஒரு பொட்டு வைப்பது என் வீட்டுக்காரரின் பழக்கம். அதே ஃபேக்டரியில் அவர் மெயின்டனன்ஸ். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

நட்டைத் திறந்து குண்டுகளை மைக்ரோமீட்டரில் பிடித்தேன். புதுக் குண்டைவிட எல்லாமே ஒரு சைஸ் சின்னது. தேய்ந்து சிறுத்ததாக இருந்தால் இப்படி ஒரே அளவில் பளபளவென்று இருக்காது. யாரோ தெரிந்தே போட்டது. யாரோ என்ன யாரோ!

மூன்று வருஷத்துக்கு முன் அந்த மெஷினில் நான் வெட்டிய அறுபது பீஸ் அளவு தவறி ரிஜெக்ட் ஆனது. மேசை ஆடுகிறது என்று எழுதிக் கொடுத்தேன். வந்து பார்த்து, "மெஷின் சரி" என்று கையெழுத்துப் போட்டவர் இவர். கட்டின புருஷனே சொல்கிறார். மெஷின் சரி என்றால் என் கைதானே தப்பு? வேலை போனது. "கை தவறுறது எல்லாருக்கும் சகஜம்" என்று எனக்கு ஆறுதல் வேறு! அதற்குப் பிறகு நாத்தனார் வரும்போதெல்லாம், "விடுங்க அண்ணி, கை நடுங்குது" என்று கண்ணாடித் தட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் கூடவே சிரிப்பார். கடைசியில் எனக்கே என் கைமேல் நம்பிக்கை விட்டுப்போனது.

அதே சின்னக் குண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து நட்டுக்குள் திரும்ப அடுக்கினேன். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. தண்டை வேலை மேசையின் வைஸில் இறுக்கி, டயலை நட்டில் முட்டவைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். மேசையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"அது இருக்கட்டும். இதைத் திறந்தது யாரு?"

பையைக் கீழே வைத்தார். பிறகு, "கிரீஸ் மாத்துறப்போ நட்டு தண்டை விட்டு நழுவிடுச்சு. குண்டெல்லாம் சிதறிப் போச்சு. ஸ்டோர்ல கேட்டா ரிப்போர்ட் எழுதணும். கையில இருந்த செட்டைப் போட்டேன். அப்புறமா மாத்திக்கலாம்னு..."

"அதுக்குள்ள என்னை வெளிய அனுப்பிட்டாங்க."

"ரெண்டு பேர் வேலையும் போயிருக்கும்மா. ஒருத்தர் சம்பளமாவது மிஞ்சட்டும்னுதான்..."

"யார் சம்பளம் மிஞ்சிச்சு? சொல்லு!"

கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் முறை. அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, வாய்ஸ் மெசேஜ் பதிவை ஆன் செய்து நீட்டினேன். பழைய ஷிப்ட் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு என் அறுபது பீஸையும் அளந்து கழித்த ஃபேக்டரி இன்ஸ்பெக்டரும் அதில் உண்டு.

"பேசு."

"ஏழாம் நம்பர் மெஷின்ல நான் ஒரு சின்னத் தப்பு..."

"சின்னதா? எவ்வளவு சின்னது? தள்ளிப் பார்த்துட்டுச் சொல்லு."

நட்டைத் தள்ளினார். முள் ஓடி நின்றது. "பன்னிரண்டு கோடு," என்றார்.

"திரும்பச் சொல்லு. யார் போட்ட குண்டுன்னும் சொல்லு."

சொன்னார். முழுசாகச் சொல்லி முடித்தார். ஆனால் அனுப்பவேண்டிய இடத்தில் விரலை வைக்கமாட்டாமல் தடுமாறினார். "இன்ஸ்பெக்டர் கேட்டார்னா என் வேலை..."

"விடுங்க, கை நடுங்குது," என்று ஃபோனை அவரிடமிருந்து வாங்கி, நானே அனுப்பினேன்.