டுவேனின் குரலுக்கு ஒரு மைக்

டுவேனுக்கு வந்திருப்பது நரம்பு நோய், குரல் மெல்ல மெல்லப் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். மறு வாரமே, பேச்சுப் பயிற்சி தரும் இங்க்ரிட் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தாள். டுவேன் முந்நூறு வாக்கியங்களைக் கம்ப்யூட்டரில் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். அதை வைத்து அவன் குரலைப் போலவே ஒன்றைச் செய்து தருவார்கள். பிற்பாடு அவன் எழுத்துகளைத் தட்டினால் அது பேசும்.

"சீக்கிரம் ஆரம்பிச்சிடுங்க, மார்லிஸ்" என்றாள் என்னிடம். எவ்வளவு சீக்கிரம் என்று நான் கேட்கவில்லை.

மைக் வாங்க நான் மட்டும் போனேன். டுலூத்தில் அன்று சாலையெல்லாம் பனி உருகப் போட்ட உப்பின் கறை. கடையில் இருந்த பெண், மேசையில் நிற்கும் பெரிய மைக் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"பாடறதுக்கா மேடம்?"

"பேசறதுக்கு. என் புருஷன் குரல் போகப்போகுது. அதுக்குள்ள பதிவு பண்ணணும்."

பருப்பு டப்பா விலை சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவள் பெரிய மைக்கைத் திரும்ப எடுத்துவிட்டாள்.

"இது ஃபிரிட்ஜ் சத்தத்தைக்கூட இழுத்துப் பதிஞ்சிடும். தலையில மாட்டற ஹெட்செட் எடுத்துக்கோங்க. அவர் தலை சாஞ்சாலும் மைக் வாய்கிட்டயே இருக்கும். ஒயர் வச்சதே போதும். ஒயர் இல்லாததுல குரல் நசுங்கிடும்."

வீட்டுக்கு வந்து லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினேன். ஹெட்செட்டில் சின்ன விளக்கு எரிந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

டுவேன் இருபத்தாறு வருஷம் பனி வாரும் லாரி ஓட்டியவன். சமையலறை மேசையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து, "விமானம் பறக்கப் போற மாதிரி இருக்கு. பெல்ட்டைப் போடுடி" என்றான். ஒரு நாளைக்குப் பதினைந்து வாக்கியம். 'பக்கத்து வீட்டு வாத்து ஏரியை நோக்கி நடந்தது' என்பதுபோல எல்லாம் யாரும் யாரிடமும் சொல்லாத பேச்சு. அவன் வாசிப்பான், நான் பாத்திரம் துடைப்பேன்.

பன்னிரண்டாம் நாள் இங்க்ரிட் போன் செய்தாள். "பதிவுல ஒரே இரைச்சலா இருக்கு. குரல் எங்கயோ தூரத்துல கேக்குது. எந்த மைக்ல பதிவு பண்றீங்க?"

ஹெட்செட் மைக்கை விரலால் சுரண்டிப் பார்த்தேன். திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு அசையவே இல்லை. லேப்டாப்பின் மேல் தட்டினேன். கோடு துள்ளியது. இத்தனை நாளும் கம்ப்யூட்டர் தன்னிடமிருந்த மைக்கில்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போய் ஹெட்செட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவனிடம் சொன்னேன்.

"எல்லாமே போச்சா?"

"எல்லாமே. என் தப்புதான்."

"அப்போ அந்த வாத்து மறுபடி நடக்கணும்" என்றான். 'வாத்து' இப்போது வாயில் கொழகொழத்தது. இரண்டு வாரம் முன்பு தெளிவாக வந்த சொல். இருவருமே கேட்டோம். நான் ஹெட்செட்டை எடுத்து அவன் தலையில் மாட்டினேன்.

முதலிலிருந்து தொடங்கினோம். நாளுக்குப் பதினைந்து பத்தானது, பத்து ஆறானது. நூற்று எழுபதாவது வாக்கியத்தில் அவன் ஹெட்செட்டைக் கழற்றினான். "முந்நூறு இல்லேன்னாலும் இது போதும்" என்றாள் இங்க்ரிட். பழையதைச் சேர்க்க முடியாது என்பதையும் சொன்னாள்.

மார்ச்சில் கம்ப்யூட்டருக்கான குரல் வந்தது. கொஞ்சம் குழறியது, ஆனால் அவனுடையதுதான். அதற்குள் அவனால் ஒரு சொல்கூடப் பேச முடியாமல் போயிருந்தது. இரண்டு விரலால் தட்டினான்.

"ரெண்டு பியர் போட்டவன் மாதிரி இருக்கேன்" என்றது லேப்டாப்.

"மூணு" என்றேன்.

சிரிப்பில் அவன் தோள் குலுங்கியது. மறுபடி தட்ட ஆரம்பித்தான். நீளமாக ஏதோ. நான் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.