தம்பியின் நெஞ்சுப் படம்

அந்த வருடங்களை நினைத்தால் அவளுக்கு முதலில் வருவது சிவப்பு விளக்குதான். படம் கழுவும் இருட்டறையில் ஒரே ஒரு சிவப்பு பல்பு. அதன் அடியில் நின்றால் எல்லோருக்கும் ஒரே நிறம். அழுது வந்தவளும் அழகாகத் தெரிவாள்.

எக்ஸ்ரே நிலையம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. படம் எடுப்பது அவள். கழுவுவது வவ்வால் அண்ணன். பகலெல்லாம் இருட்டில் இருப்பதால் அந்தப் பெயர். அவரே வைத்துக்கொண்டது. மாலையானால் அவள் தம்பி வந்துவிடுவான். வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து நோயாளி மாதிரி இருமிக் காட்டுவான்.

"போதும்டா, உள்ள வா. நடிப்புல நீ தேற மாட்ட" என்பார் வவ்வால் அண்ணன்.

"அண்ணே, வெளியில வெயில்னு ஒண்ணு இருக்கு. பாத்திருக்கீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

பிறகு அக்காவும் தம்பியும் வீட்டுக்கு நடப்பார்கள். வீடு என்பது ஒரே அறை. நடுவில் பீரோவைத் திருப்பி வைத்து இரண்டு அறை என்று சொல்லிக்கொண்டார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவள் அவள். இரவில் பீரோவுக்கு இந்தப் பக்கம் அவள் ஜெபித்து முடித்தால் அந்தப் பக்கத்திலிருந்து "ஆமென்" வரும். பாதி நாள் தூக்கத்தில். இன்றும் தனியாக ஜெபித்து முடித்ததும் அவள் ஒரு கணம் நிற்பதுண்டு.

வேலையில் அவள் அணிவது ஒரு ஏப்ரன். உள்ளே கதிரைத் தடுக்கும் ஈயம். தோள் வலிக்கும். சிறுவயதில் ஞாயிறு பள்ளி டீச்சர் கரும்பலகையில் வேதத்தில் சொல்லும் போர்வீரனை வரைந்து, அவன் மார்க்கவசத்தின் மேல் 'நீதி' என்று எழுதினார். அது இரும்பு என்றுதான் அவள் வெகுநாள் நினைத்திருந்தாள். முதல் நாள் ஏப்ரனைப் போட்டபோது அந்தப் படம் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து காலையில் அதன் பட்டையைக் கட்டும்போது ஒரு வரி சொல்லுவாள். "ஆண்டவரே, என் நெஞ்சைக் காத்துக்கொள்ளும்." தம்பிக்கு இது தெரியும். பட்டாளத்தக்கா என்று கூப்பிடுவான்.

ஏப்ரனை மடிக்கக் கூடாது. மடித்தால் உள்ளே ஈயம் வெடித்து விரிசல் விடும். மேலே துணி பளபளவென்று இருக்கும். கொக்கியில்தான் தொங்கவிட வேண்டும். கொக்கி அடுத்த அறையில் இருந்தது. மாலையில் தம்பி பசியோடு காத்திருப்பான். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அதன் முதுகில் மடித்துப் போட்டுவிட்டுக் கிளம்புவாள். நாளைக்குக் கொக்கியில் மாட்டலாம்.

அந்த நாட்களில்தான் தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. இயந்திர அறையில். அவன் ஆசைப்பட்ட ஒரே வேலை. கம்பெனி கேட்டது ஒரு நெஞ்சுப் படம்.

அவன் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் வந்த காசநோய். ஆறிவிட்டது. ஆனால் வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. கப்பல்காரர்கள் அதைப் பார்த்தால் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வேண்டாம் என்றுவிடுவார்கள்.

"உன் நெஞ்ச எடுத்து என் பேர் போட்டுடுக்கா" என்றான்.

"என் நெஞ்ச எடுத்தா பொம்பளை நெஞ்சுன்னு பாத்த உடனே தெரியும்டா, மடையா."

"அப்போ வவ்வால் அண்ணன்."

"தப்புடா."

"யாருக்குக்கா நஷ்டம்? எனக்கு இப்ப நோயா இருக்கு? நீதானே சொன்ன, ஆறிடுச்சுன்னு. படம் ஒண்ணுதான் பொய். சேதி உண்மை."

அவன் அழவில்லை, கெஞ்சவில்லை. சாப்பிட்ட தட்டை அவனே கழுவினான். என்றைக்கும் செய்யாத வேலை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வெள்ளிக்கிழமை காலையில வா" என்றாள். அன்று ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டாள்.

வவ்வால் அண்ணன் மறுக்கவில்லை. "நான்தான் கடலைப் பாத்ததில்ல. என் நெஞ்சாவது போகட்டும்."

வெள்ளிக்கிழமை அவள் சீக்கிரமே போய்விட்டாள். படத்தில் பெயர் விழுவதற்கு ஈய எழுத்துகள் உண்டு. தம்பியின் பெயருக்கு உரியவற்றைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். தம்பி வருவதற்குள் வேறொரு வேலையும் இருந்தது. ஈயத்தில் வெடிப்பு உண்டா என்று வருடத்துக்கு ஒரு முறை ஏப்ரனையே படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். மேசையில் விரித்தாள். எடுத்தாள். வவ்வால் அண்ணன் கழுவிக் கொண்டுவந்து விளக்குப் பெட்டியில் செருகினார்.

ஈயம் இருக்கும் இடம் வெள்ளையாக விழும். முழுவதும் வெள்ளை. நடுவில், சரியாக மார்பின் குறுக்கே, ஒரு கறுப்புக் கோடு.

"நாற்காலியா?" என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

எந்த நாள் வெடித்தது என்று அவளால் காட்ட முடியாது. ஒவ்வொரு நாளும் அது சின்ன விஷயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் தம்பிக்காகத்தான். ஒவ்வொரு காலையும் பட்டையைக் கட்டி, நெஞ்சைக் காத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு மாலையும் மடித்திருக்கிறாள்.

கதிர் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்ற பயம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு வேறொன்று தெரிந்தது. கையில் இருக்கும் எழுத்துகளை இன்று வவ்வால் அண்ணன் நெஞ்சுக்கு மேல் வைத்தால், நாளை காலை அவள் எதைக் கட்டிக்கொண்டு ஆண்டவர் முன் நிற்பாள்? அவர் கொடுத்த கவசம் அவர் பார்க்காத நேரத்தில் கழற்றி வைப்பதற்கல்ல.

படியேறி வந்தான் தம்பி. புதுச் சட்டை போட்டிருந்தான்.

"சட்டையைக் கழட்டு" என்றாள்.

"எனக்கு எதுக்குக்கா? அண்ணன்தானே?"

"உன் பேருக்கு உன் நெஞ்சுதான்."

அவன் வவ்வால் அண்ணனைப் பார்த்தான். அவர் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சட்டையைக் கழற்றினான். பலகையில் நெஞ்சை ஒட்டி, மோவாயைத் தூக்கி நின்றான். முதுகில் எலும்பு வரிவரியாகத் தெரிந்தது.

"மூச்சை இழு. பிடிச்சுக்கோ."

படத்தில் தழும்பு இருந்தது. அவன் அதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டான்.

"நீ நல்லவளாவே இரு, அக்கா. நான் எக்கேடு கெட்டாலும்" என்றான். சத்தமே போடவில்லை.

கப்பல் வேலை கை நழுவிப் போயிற்று. வேறோர் ஊரில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை தேடிக்கொண்டான். துணிமணி எடுக்க வந்தபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பீரோவை அவள் சுவரோரம் நகர்த்தினாள். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது.

வருடங்கள் அப்படிப் போயின. கர்த்தரின் பிள்ளைகள் மேல் குற்றஞ்சாட்டுகிறவன் ஒருவன் உண்டு, சாத்தான். அவன் அவளிடமும் வந்தான். பெரும்பாலும் சமைக்கும் நேரத்தில். ஒரே ஒரு படம், கூடப்பிறந்தவனை விட அதுவா உனக்குப் பெரிதாகப் போயிற்று என்பான். அவளுக்கு வலிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதிருக்கிறாள். ஆனால் எழுந்திருக்க முடிந்தது. துக்கம் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் உள்ளே வரவில்லை. மறைக்க வேண்டியது எதுவும் அவளிடம் இல்லை. மனிதரிடமும் இல்லை, ஆண்டவரிடமும் இல்லை. அந்தத் தனிமையிலும் அவளுக்குப் படுத்தால் தூக்கம் வந்தது.

ஒரு பிற்பகலில் நிலையத்துக்கு போன் வந்தது. வவ்வால் அண்ணன் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பொண்ணு பிறந்திருக்கு" என்றான் தம்பி.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஞானஸ்நானத்துக்கு யாரை ஞானத்தாயா நிறுத்தறதுன்னு என் பொண்டாட்டி கேட்டா. அவங்க பக்கம் வரிசையா ஆளு இருக்கு. நான் உன்னைச் சொன்னேன்."

"என்னையா? என்னடா சொன்ன என்னப் பத்தி?"

"எங்கக்கா சொந்தத் தம்பிக்கே பொய்ப் படம் எடுத்துத் தராதவள்னு சொன்னேன். சரியான ஆளுதான்னுட்டா."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ கோபம் போயிடுச்சாடா?"

"போகல" என்றான். "கப்பல் படத்தைப் பாத்தா இன்னும் வருது. ஆனா என் பொண்ணு யார் கையில இருக்கணும்னு எனக்குத் தெரியும்."

பிறகு, எந்த வண்டியில் வருகிறாய் என்று கேட்டான்.