ஒரு சாண் உயரம்

சிலையின் கண் உயரம் மூன்று முழம் என்றுதான் தெந்தி சொன்னான். மூன்று முழத்தில்தான் ஹெடெபி துளை போட்டான். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

பிரமிடின் வடக்குப் பக்கம், காலை வெயிலில், புது ராஜாவுக்காக ஊரே காத்திருந்தது. செத்துப்போன பெரிய ராஜாவின் சிலை கல் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. சிலைக்கு உயிர் கொடுக்க வாய் திறக்கும் சடங்கு முடித்து, கூரைக் கல்லை ஏற்றி மூடியாகிவிட்டது. சுவரில் கண்ணுக்கு நேராக இரண்டு துளைகள் மட்டும். அந்த வழியாகத்தான் பெரியவர் இனி வெளியே பார்ப்பார். படைக்கிற ரொட்டியையும் வாத்தையும் கண்டு பசியாறுவார். துளை போட்ட கொத்தன் ஹெடெபி. சிலையைச் செதுக்கியவன் அவன் தங்கை புருஷன் தெந்தி.

"என்ன மச்சான், என் முழத்துலதானே அளந்தே?" வெங்காயத்தைக் கடித்தபடி தெந்தி கேட்டான்.

"உனக்குன்னு தனியா ஒரு முழமா?"

"சிலைக்காரன் முழம் ஆறு பிடிதானே. கட்டடத்துக்குத்தான் ஏழு. இதுகூடத் தெரியாத ஆளா நீ?"

"நீ சொல்லவே இல்லையேடா!"

"நீ கேக்கவே இல்லையே!"

ஹெடெபி தூசு துடைப்பவன் போலச் சுவருக்கு ஓடி, துளையில் கண்ணை வைத்தான். இருட்டு பழகியதும் தலைத்துணியின் உச்சி தெரிந்தது, அதற்கு மேல் பின்சுவர். பெரியவரின் கண்கள் ஒரு சாண் கீழே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மூக்கை அறுப்பார்கள். அறுத்துவிட்டு, பாலைவனத்தில் கல் வெட்ட அனுப்புவார்கள். அதுகூடப் போகட்டும், இத்தனை வருஷம் ரொட்டி போட்ட மனுஷனை இருட்டில் பட்டினி போட்டுவிட்டோமே.

"வாயைத் திறந்துடாதே மச்சான்," என்றான் தெந்தி. வெங்காயம் அவன் கையிலேயே நின்றுவிட்டது. "என் தலையும் சேர்ந்து உருளும்."

பல்லக்கு வந்து இறங்கியது. புது ராஜா இளையவள் பிள்ளை. மூத்தவள் மகன் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெரியவரின் கண் எந்தப் பிள்ளையைப் பார்க்கிறதோ அவனுக்கே நாடு என்று பூசாரிகள் சொல்லி வைத்திருந்தார்கள்.

ராஜா துளையில் கண்ணை வைத்தார். கழுத்தை நீட்டினார். குதிகாலை உயர்த்தினார். மறு துளைக்கு மாறினார். ஹெடெபி தன் மூக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ராஜா திரும்பியபோது மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. அண்ணனை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்பா என்னைப் பாத்துட்டாரு!" என்றார் உரக்க.

கூட்டம் மண்ணில் விழுந்து கும்பிட்டது. கடைசியாக, வேறு வழியில்லாமல், அண்ணனும் விழுந்தான்.

தலைமைப் பூசாரி ஆசையோடு எழுந்து வந்தார். "நானும் ஒரு தடவை தரிசனம் பண்ணிக்கிறேன்..."

"வேணாம்." ராஜா முதுகால் துளைகளை மறைத்துக்கொண்டார். "அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க. இனிமே இதுல யாரும் கண்ணை வைக்கக் கூடாது. துளை போட்டவன் எங்கே?"

ஹெடெபி தவழ்ந்தே போனான். ராஜா ஆசீர்வதிப்பவர் போலக் குனிந்து, காதோடு கேட்டார். "எவ்வளவுடா ஒசந்துபோச்சு?"

"ஒரு சாண், சாமி. உசிரைக் குடுத்தாவது சரி பண்ணிடறேன்."

"தொட்டே, மூக்கு இருக்காது. நான் சொன்னது பொய்யாயிடும்." ராஜா அவன் தலைமேல் கையை வைத்தார். "என் சிலைக்குத் துளை போடறப்போ மட்டும் தாழ்த்திப் போடு."