ஹெட்போனில் மட்டும்

சின்னாத்தாள் தகரப் பெட்டியைக் கிளறி, மஞ்சள் துணியில் சுற்றியிருந்த கேசட்டை எடுத்து மகன் கையில் திணித்தாள்.

"உங்கொப்பன் பாடுனது கண்ணு. சுப்பண்ணங்கிட்டக் குடு. எடுக்கறதுக்கு முன்னால ஊரு ஒருக்காக் கேக்கட்டும்."

தம்பிதுரை கேசட்டோடு வாசலுக்கு வந்தான். பந்தலில் அப்பா செங்கோடன் உயிரற்றுக் கிடந்தார். காரமடைத் தேருக்கு வருஷம் தவறாமல் பாடியவர். வயிற்றுப்பாட்டுக்கு மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் எடை போட்டவர். பையனுடைய கம்ப்யூட்டரில் தன் குரல் ஏறிவிட்டதென்று மண்டி முழுக்கத் தமுக்கடிக்காத குறையாகச் சொல்லி வைத்திருந்தார்.

ஏறவில்லை. அது தம்பிதுரைக்கு மட்டும் தெரியும்.

போன வருஷம், தொண்ணூற்றெட்டில், அவனுடைய காந்திபுரம் ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு அப்பா வந்து நின்ற நேரம் சரியில்லை. விளம்பரக் கம்பெனிக்காரர் ஒருவர் சோபாவில் காத்திருந்தார். அவருக்காகச் சவுண்டு மிக்சரில் அரைநாள் உட்கார்ந்து செய்த செட்டிங்கைக் கலைத்தால்தான் அப்பாவின் மைக்கைக் கம்ப்யூட்டருக்குத் திருப்ப முடியும். தம்பிதுரை கலைக்கவில்லை. அப்பாவின் குரலை அவருடைய ஹெட்போனுக்கு மட்டும் விட்டு, பேருக்கு ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டான். திரையில் கோடு நகர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடினார். "யாருங்க இவரு?" என்று கம்பெனிக்காரர் கேட்டதற்குத் தான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசும்.

கேசட் வேண்டுமென்று அவர் அடம்பிடிக்கவே, பதிவானதைக் கேட்டுக்கூடப் பார்க்காமல் இறக்கிக் கொடுத்தான். வீட்டு டேப் ரிக்கார்டர் ரிப்பேராகி வருஷக்கணக்காயிற்று என்ற தைரியம்.

மைக்செட்காரர் சுப்பண்ணன் வேப்பமரத்தடியில் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, செட்டு ரிப்பேருன்னு சொல்லிப்போடுங்க," என்றான், தரையைப் பார்த்தபடி.

சுப்பண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்க தம்பி, நான் போடமாட்டேனுங்க. உங்கப்பா பொங்கலுக்கே கொண்டாந்து நம்ம செட்டுல கேட்டுப்போட்டாருங்க. பாட்டே இல்ல. 'நம்மூர்க்காரருங்க சார், சும்மா பாடவெச்சு அனுப்பிப்போடறேன்'னு நீங்க பேசறது மட்டும் வருதுங்க."

தம்பிதுரைக்கு இப்போதுதான் விளங்கியது. கண்ணாடி அறைக்குள் பாடுபவரிடம் தான் பேசும் மைக், அன்றைக்குக் கம்ப்யூட்டருக்குத் திறந்தே இருந்திருக்கிறது.

"அப்பா ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"மறுக்கா ஒருக்காப் போடச் சொன்னாரு. அப்பறம், 'நல்லா வந்திருக்குதுன்னு ஊட்டுல சொல்லிக்கறேன், நீயும் அப்படியே சொல்லிப்போடு'ன்னாருங்க."

இந்த ஒன்பது மாதமும் அவர் முகத்தில் எதையும் காட்டவில்லை. போன வாரங்கூட, "ஸ்டுடியோ எப்படிப் போகுது?" என்றுதான் கேட்டார்.

"போட்டாச்சா கண்ணு?" சின்னாத்தாள் பந்தலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"டேப்பு சிக்கிக்கிச்சுங்கக்கா," என்றார் சுப்பண்ணன்.

தம்பிதுரை துணியைப் பிரித்தான். கேசட் அட்டையில், மண்டிச் சாக்குகளில் எழுதுகிற அதே நீல மையில், கோணல் எழுத்தில், 'என் பையன் பேசியது' என்று அப்பா எழுதித் தேதியும் போட்டிருந்தார்.