ஞாயிற்றுக்கிழமைக் கல்லா

ரயில் நாற்பது நிமிடம் தாமதம். டாக்மாரா ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக அப்பாவின் மளிகைக் கடைக்கு வந்து சேர்ந்தபோது, பூசை முடிந்த கூட்டம் அப்படியே வாசல்வரை வரிசை கட்டி நின்றது. தேவாலய வாசலில் "ஞாயிறு ஓய்வுநாள், கடைகளைத் திறக்க விடாதே" என்ற மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த மை காய்வதற்குள் பாலாடைக்கட்டியும் பன்றித்தொடையும் வாங்க வந்துவிட்ட புண்ணியவான்கள்! அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவள் கல்லாவைப் பார்த்தாள்.

கல்லாவில் அப்பா இல்லை. லுட்விகா நின்றாள்.

லுட்விகா நல்லவள்தான். பதினோரு வருஷமாகக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்மாரா வாய்நிறைய அத்தை என்று கூப்பிட்டாலும் சொந்தம் கிடையாது. டாக்மாராவின் அம்மா இறந்த பிறகு இந்தக் கடை நாறாமல் இருந்ததே அவளால்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் கல்லாவின் நிழலைக்கூட மிதிக்கக் கூடாது. போலந்தில் வருஷத்துக்கு ஏழெட்டு ஞாயிறு போக, மற்ற ஞாயிறுகளில் பெரிய கடைகள் எல்லாம் பூட்டு. சின்னக் கடையைத் திறக்கலாம், ஆனால் முதலாளியே நிற்க வேண்டும். உதவிக்கு மனைவி, மக்கள் என்று சொந்த ரத்தம் நிற்கலாம், அதுவும் சம்பளம் வாங்காமல். வேலைக்காரர் நின்றால் போடுகிற அபராதத்தில் இந்த மாதிரி இரண்டு கடை முழுகிவிடும்.

அதனால்தானே அவள் வருகிறாள்! போன வருஷம் அப்பாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். "அரை மணிக்கு மேல் நிற்கக் கூடாது" என்றார் டாக்டர். வாரம் முழுக்கப் பெரிய கடைகளோடு மல்லுக்கட்டும் கடைக்கு ஞாயிற்று வியாபாரம்தான் உயிர். ஒரே மகள். போஸ்னான் நகரத்தில் பல்செட் செய்யும் கூடத்தில் ஐந்து நாள் வேலை, சனிக்கிழமை துணி துவைப்பு, ஞாயிறு விடியற்காலை ரயில். இப்படியே பதினான்கு மாதம். காதலித்தவன் ஒருத்தன் இருந்தான். "நீ உங்கப்பா கடையையே கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு ஈஸ்டருக்கு முன்னால் போய்விட்டான்.

"அத்தை! உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?" டாக்மாரா கத்தினாள். "சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க ஞாயித்துக்கிழமை கல்லாவுல நிக்கலாமா? எவனாவது பாத்தா கடையே போச்சு! முதல்ல இந்தப் பக்கம் வாங்க!"

லுட்விகா கண்ணை உருட்டினாள். உதட்டைக் கடித்தாள். டாக்மாராவுக்கு எங்கே புரிந்தது?

வரிசையில் நாலாவதாக நீல மழைக்கோட்டு போட்ட ஒரு பெண், கையில் கல்லறையில் ஏற்றுகிற மெழுகுவத்தியோடு நின்றாள். மெழுகுவத்தியைப் பத்திரமாகப் பலகைமேல் வைத்தாள். பையிலிருந்து அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"நான் தொழிலாளர் ஆய்வாளர். இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தரம் சொல்லுங்க."

பதினான்கு மாதம் தூக்கத்தைத் தொலைத்துக் காப்பாற்றிய கடையைத் தன் நாக்கே ஒரு நிமிஷத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டதே!

"அது... சும்மா சொன்னேன். இவங்க தெரிஞ்சவங்க. சும்மா நின்னாங்க."

"சும்மா நின்னு மூணு பேருக்குப் பில் போட்டாங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"ஏம்மா, என் பாலாடையைக் குடுத்துட்டு அப்புறம் கடையை மூடுங்களேன்," என்றார் எதிர்வீட்டு லேஷெக். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து அப்பா ரோமுவால்ட் வந்தார். ஊறுகாய்ப் புட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார். மகளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், புட்டியைக் கீழே வைத்தார்.

"இவங்க யாரு உங்களுக்கு?" ஆய்வாளர் கேட்டாள்.

"என் பொண்டாட்டி."

"அப்பா!" டாக்மாரா பதறிப்போனாள். "பொய் சொல்லாதப்பா! அபராதத்தோட போறது ஜெயிலுக்குப் போயிடும். மேடம், இவரு நெஞ்சு ஆபரேஷன் பண்ணவரு, என்ன பேசறோம்னே தெரியாம..."

"எல்லாம் தெரிஞ்சுதான் பேசறேன்." அவர் சிகரெட் அடுக்குக்குப் பின்னால் கையை விட்டார். ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. அதற்குள் பதிவு அலுவலகத்தின் முத்திரையோடு திருமணச் சான்றிதழ்.

ஆய்வாளர் படித்தாள். டாக்மாரா அவள் தோளுக்கு மேலாகப் படித்தாள். ரோமுவால்ட். லுட்விகா. போன அக்டோபர். எட்டு மாதம்! பெற்ற தகப்பன் கல்யாணம் செய்துகொண்டு எட்டு மாதமாகிறது, வாரா வாரம் எதிரே நின்று ரொட்டி விற்றவளுக்குத் தெரியாது!

"இன்னைக்குச் சம்பளம் உண்டா?" ஆய்வாளர் லுட்விகாவைக் கேட்டாள்.

"பொண்டாட்டிக்கு யாரும்மா சம்பளம் தர்றா? உங்க வீட்டுல தர்றாங்களா?"

ஆய்வாளர் ஏதோ எழுதினாள். மெழுகுவத்திக்குப் பணம் கொடுத்தாள். "வாழ்த்துகள்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

லேஷெக் கைதட்ட ஆரம்பித்தார். டாக்மாரா திரும்பிப் பார்த்த பார்வையில் கை அந்தரத்தில் நின்றது.

பின்கட்டில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, அவள் வெடித்தாள்.

"சட்டத்துக்காகக் கட்டிக்கிட்டியா? ஞாயித்துக்கிழமை கல்லாவுல நிக்க ஒரு ஆள் வேணும்னு கல்யாணமா?"

"சீச்சீ! புதன்கிழமையும் அவதான் வேணும் எனக்கு," என்றார் அப்பா. முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நான் யாரு? அத்தை சட்டப்படி நிக்கலாம்னா, நான் எதுக்கு நாய் மாதிரி ரயில்ல வந்து சாகறேன்? எட்டு மாசம்ப்பா! அந்தப் பையன் போனப்ப நான் இங்க நின்னு வெள்ளரிக்கா எடை போட்டுக்கிட்டு இருந்தேன். ஏன் சொல்லல?"

லுட்விகா கதவோரம் நின்றாள். "நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் கண்ணு. சொல்லிடு, சொல்லிடுன்னேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னே ஓட்டிட்டாரு இந்த மனுஷன்."

அப்பா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டாள். அம்மா போன பிறகு, ஆபரேஷனுக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வந்ததோடு சரி. கைப்பையில் ஒரு தாள் கிடந்தது. எல்லாக் கடைகளையும் எல்லா ஞாயிறும் திறக்கவிட வேண்டும் என்ற மனு. வேலைக்கூடத்தில் பத்துப் பேரிடம் அவளே கையெழுத்து வாங்கியிருந்தாள். பெரிய கடைகள் திறந்தால் இந்தக் கடைக்கு ஞாயிறு இருக்காது, தனக்கு ஞாயிறு கிடைக்கும் என்ற கணக்கு. அதைத் தூக்கி அவர் மடியில் போட்டாள்.

"இந்தா. இதான் என் பதில். அடுத்த வாரம் நான் வரமாட்டேன்."

சொன்ன மாதிரியே வரக்கூடாது என்றுதான் இருந்தாள். மதியம்வரை தூங்குவதாகத் திட்டம். ஆறு மணிக்குக் கண் தானாக விழித்துக்கொண்டது. வழக்கமான ரயிலை வேண்டுமென்றே விட்டாள். அடுத்த ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது தன்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கடைத்தெரு திரும்பியதும் கால் நின்றுவிட்டது. ஷட்டர் இறங்கிக் கிடந்தது. அம்மாவைப் புதைத்த மறுநாள்கூட ஞாயிறுதான், அன்றைக்கும் திறந்த கடை அது. அந்த வால்வு! நான் பேசிய பேச்சு! பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஓடினாள்.

காலிப் பையோடு லேஷெக் நின்றார். "அப்பாவுக்கு என்ன மாமா?"

"அவருக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காரு. எனக்குத்தான் கேடு. பாலாடை இல்லாமப் போனா என் வீட்டுக்காரி உள்ளயே விடமாட்டா. இந்தக் கூத்தை நீயே படி."

ஷட்டரில் ரொட்டிப் பெட்டியின் அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அப்பாவின் கோணல் எழுத்து.

"இன்று கடை கிடையாது. மகள் வந்தாலும் வரலாம்."

டாக்மாராவுக்கு அட்டை கலங்கித் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள்.

"அதான் வந்துட்டியே," என்றார் லேஷெக். "உங்கப்பாகிட்ட சொல்லித் திறக்கச் சொல்லு."

"வந்துட்டேன் மாமா," என்றாள் அவள். "ஆனா இன்னைக்குக் கடை கிடையாது."

சொல்லிவிட்டு, கடையை ஒட்டியிருந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.