ஆளுக்கு மூன்று வாக்கியம்

அபிநயாவின் வீடியோ கேம் வெளியான நாளிலிருந்து வேப்பந்தட்டையில் யாராலும் மூன்று வாக்கியங்களுக்கு மேல் பேச முடியவில்லை. நடந்தது சித்திரையில்; ஊருக்குத் தெரிந்தது ஆடியில். அதற்கு முன்பும் நாங்கள் பெரிதாக வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

அபிநயா, மக்காச்சோளம் போடும் முருகையனின் ஒரே மகள். சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, மாடி அறையில் தனியாளாக உட்கார்ந்து அந்தக் கேமைச் செய்தாள். தன் வீடு பஸ் ஏறிப் போய்விட்டதால் அதைத் தேடி அலையும் ஒரு பெண்ணாக நாம் அதில் விளையாட வேண்டும். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் துப்புக் கேட்கலாம். அவர்களுக்கெல்லாம் எங்கள் ஊர்க்காரர்களின் முகத்தையும் பெயரையும் வைத்து, ஆளுக்கு மூன்று வாக்கியம் எழுதியிருந்தாள். எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். நார்வேயிலும் பிரேசிலிலும் மெச்சினார்கள். ஊரில் யாரும் விளையாடியதாகத் தெரியவில்லை. விளையாடியிருந்தால் எங்கள் மூக்கை வரைந்திருந்த விதத்துக்காகவாவது சண்டைக்குப் போயிருப்போம்.

மினிபஸ் கண்டக்டர் தங்கராசு "உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்பதை வைத்தே பிழைத்துக்கொண்டார். ஒரு கட்சிப் பேச்சாளர் மூன்றே வாக்கியத்தில் ஒன்றரை மணி நேரம் பேசிக் கைதட்டலும் வாங்கினார். இதை எழுதுகிறவனுக்கு அவள் ஒரு வாக்கியம்தான் கொடுத்திருந்தாள். அவன் மனைவி அந்த மாதங்களை இன்றும் ஆசையோடு நினைத்துக்கொள்கிறாள்.

முருகையனுக்குக் கிடைத்தவை: "வந்துட்டியா?", "சாப்ட்டியா?", "வேற வேல பாக்கலாம்ல?" மகள் ஊர் திரும்பியதிலிருந்து அவர் சொல்லிவந்தவையும் அவைதான். அதனால் அவளும் கவனிக்கவில்லை.

ஆடியில் ஒரு காலை முருகையன் வயலில் சுருண்டு விழுந்தார். அபிநயா பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"எங்க வலிக்குது, சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"சாப்ட்டியா?" என்றார் முருகையன்.

"ஆச்சுங்க. எப்பருந்து வலி?"

"வேற வேல பாக்கலாம்ல?"

டாக்டரின் முகம் சுருங்கியது. முருகையன் வலித்த இடத்தைக் கையால் காட்டப் பார்த்தார். கேமில் அவர் கைகட்டி நிற்கும் ஆள். கேள்வி கேட்டதும் கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு அவர் கண்கள் நிறைந்தன. அந்தக் கண்களைப் பார்த்தபோதுதான் அபிநயாவுக்கு எல்லாம் விளங்கியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அப்பாவின் வாக்கியங்களை அழித்துவிட்டு "நெஞ்சு வலிக்குது" என்று எழுதினாள். உள்ளே முருகையன் அப்படியே சொன்னார். உடனே நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். அவர் தலையை மறுத்து மறுத்து ஆட்டினார். வேறு என்ன எழுதலாம் என்று யோசித்தவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு பெண்ணின் வீட்டையே பஸ் ஏற்றி அனுப்பத் தெரிந்தவளுக்கு, அப்பாவுக்கு எங்கே வலிக்கும் என்று ஊகிக்கத் தெரியவில்லை. கடைசியில் எழுதியதை அழித்து, அப்பாவின் வாக்கியங்களுக்கான பெட்டியைக் காலியாகவே விட்டுச் சேமித்தாள்.

"நெஞ்சு இல்லீங்க சார்" என்று உள்ளே குரல் கேட்டது. "அடிவயிறு. வலது பக்கம். நேத்துலேருந்து உயிர் போவுது."

குடல்வால் வெடிக்க இருந்தது. மதியமே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் முருகையன் மகளைக் கூப்பிட்டார். "ஏம் பாப்பா, கேம்ல எனக்கு எதுக்கு அவ்ளோ பெரிய தொப்ப?"

"நீங்க வெளையாடுனீங்களாப்பா?"

"நீ டவுனுக்குப் போறப்பல்லாம் வெளையாடுவேன். அந்த வூடு எந்த பஸ்ல ஏறிச்சுன்னுதான் கடைசி வரைக்கும் கண்டுபுடிக்க முடியல."

"அரியலூர் பஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு அபிநயா அழுதாள். தையல் இழுத்ததால் அவர் சிரிக்க முடியாமல் சிரித்தார்.

ஊர் திரும்பியதும் எல்லோருடைய பெட்டிகளையும் காலி செய்தாள். பாதிப் பேர் இன்னும் பழையதையேதான் சொல்கிறார்கள். அது அவள் குற்றமில்லை. அப்பாவும் மகளும் இப்போது தினமும் புதிது புதிதாகச் சண்டை போடுகிறார்கள்.

அடுத்த கேமில் மனிதர்களே வேண்டாம் என்று மாடுகளை மட்டும் வைத்திருக்கிறாள். செய்தி பரவியதிலிருந்து, மாடு வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் மாட்டை அடையாளம் காட்டி, ஒரு லிட்டர் கூடக் கறக்கிற மாதிரி எழுதச் சொல்கிறார்கள். கொம்பு எப்படி வளைந்திருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு அவளும் எழுதிக் கொடுக்கிறாள்.