ஆறு மணிக்கு ஓர் ஆச்சரியக்குறி

சத்தியநாதன் டாக்டரின் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருந்த சுவர்க்கடிகாரத்தில் ஒன்று, இரண்டு என்று நேராக எதுவுமே எழுதியிருக்கவில்லை. மணி காட்ட வேண்டிய பன்னிரண்டு இடங்களிலும் பன்னிரண்டு கணக்குகள் இருந்தன. முள் மட்டும் எல்லாக் கடிகாரத்திலும் சுற்றுவதுபோல் சுற்றியது.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டின்மேல், ஒரு மளிகைக்கடைக்கு மாடியில் இருந்தது டாக்டரின் பல் கிளினிக். டோக்கன் கொடுப்பதும், போன் எடுப்பதும், பயந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் ரத்தினபாயின் வேலை. படப்பையிலிருந்து பஸ்ஸில் வருவாள். சரித்திரம் படித்தவள். கணக்கைப் பத்தாவதோடு விட்டுவிட்டாள். விட்டதில் அவளுக்கு வருத்தமும் இருந்ததில்லை. அவள் மேஜைக்கு நேர் எதிரே அந்தக் கடிகாரத்தை மாட்டிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

"டாக்டர், இதெல்லாம் என்ன டாக்டர்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"என்னைக் கேக்காதம்மா. நான் கணக்குக்குப் பயந்துதான் பல்லுக்கு வந்தேன்" என்றார் அவர்.

பன்னிரண்டின் இடத்தில் நூற்று நாற்பத்து நாலின் வர்க்கமூலம் இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது. ஆறின் இடத்தில் 3! என்று இருந்தது. ஒன்றின் இடத்தில் 0!. இந்த இரண்டும் அவளைப் பாடாய்ப் படுத்தின. போன் பேசும்போதும் கண் அங்கேதான் போய் நின்றது.

மாரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சானடோரியம் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி, ஏற்கெனவே இரண்டு தடவை டோக்கன் வாங்கியிருக்கிறான். இரண்டு தடவையும் தன் முறை வருவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டான். அன்றைக்கும் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான்.

"இன்னாக்கா இது, ஆறு இருக்கிற எடத்துல மூணு கீது? அதுவும் ஏதோ அதிர்ச்சியாயி நிக்கிற மாதிரி கீது."

"எனக்கும் அதான் தெரியல. மூணைப் பார்த்து என்ன ஆச்சரியம்?"

அவனுக்கு அடுத்த நாற்காலியில் அபிதகுஜாம்பாள் இருந்தாள். பெண்கள் கல்லூரி ஒன்றில் கணக்குப் பேராசிரியை. பல்லின் வேர்ச் சிகிச்சைக்காக வாரம் ஒரு தடவை வருகிறவள். அப்போதுதான் ஈறில் ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியே உட்கார வைத்திருந்தார் டாக்டர். இவர்கள் பேசியதைக் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "ழ்ழா..." என்று ஒரு சத்தம்தான் வந்தது. வாயின் ஒரு பக்கம் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

அவள் கையை ஆட்டி, இருவரையும் எழுந்திருக்கச் சொன்னாள். அங்கே வரிசையாக இருந்தவை மூன்று நாற்காலிகள். முதலாவதில் மாரியை உட்கார வைத்தாள். இரண்டாவதில் ரத்தினபாயை. மூன்றாவதில் தன் தோல்பையை வைத்தாள். தள்ளி நின்று பார்த்து, ஒரு விரலைக் காட்டினாள்.

"பையும் பல்லு புடுங்கிக்குமாம்மா?" என்றான் மாரி.

பேராசிரியை ரத்தினபாயையும் பையையும் இடம் மாற்றினாள். இரண்டு விரல். பிறகு ரத்தினபாயை முதல் நாற்காலிக்கு இழுத்து, மாரியை நடுவில் தள்ளினாள். மூன்று விரல். மாரியைக் கடைசிக்கு அனுப்பினாள். நான்கு. அதற்குள் ரத்தினபாய்க்கு விளங்க ஆரம்பித்துவிட்டது. அடுத்ததாகப் பையை அவளே எடுத்து முதல் நாற்காலியில் வைத்தாள். மாரி நடுவில், தான் கடைசியில். பிறகு மாரியும் அவளும் இடம் மாற்றிக்கொண்டார்கள். பேராசிரியை ஆறு விரல்களைக் காட்டி, தலையை வேகமாக ஆட்டினாள்.

"இன்னொரு மாதிரி உக்கார முடியாதா?" என்று கேட்டான் மாரி. அவனே ஒரு தடவை முயன்று பார்த்தான். ஏற்கெனவே உட்கார்ந்த மாதிரியேதான் வந்தது. "முடியாது போல. மூணு பேரு, ஆறு மாதிரி."

"மூணு பெருக்கல் ரெண்டு பெருக்கல் ஒண்ணு" என்றாள் ரத்தினபாய் மெதுவாக. "முதல் நாற்காலிக்கு மூணு பேர்ல யாரும் வரலாம். அடுத்ததுக்கு ரெண்டு பேர்தான் மிச்சம். கடைசிக்கு ஒருத்தர். அதுக்குத்தான் அந்தக் குறி."

பேராசிரியை அவள் தோளைத் தட்டினாள். உடனே உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். அவள் நடக்கத் தொடங்கியதும் மாரி குறுக்கே போய் நின்றான்.

"மேடம், அந்த முட்டைக்கும் அதே குறி கீதே? அது ஒண்ணாம் நம்பர் எடத்துல கீது. முட்டை பேரு எப்பிடி ஒரு மாதிரி உக்காருவான்?"

பொறு என்று கையால் காட்டிவிட்டு அவள் உள்ளே போனாள். மாரி பொறுத்தான். அவன் வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதை ரத்தினபாய் கவனித்தாள்.

வெளியே வந்தபோதும் அபிதகுஜாம்பாளுக்குப் பேச்சு வரவில்லை. இருவரையும் ஒதுங்கி நிற்க வைத்து, பையையும் எடுத்துக்கொண்டு, காலி நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டாள். வெறும் தரையைக் காட்டினாள். ஒரு விரலை நீட்டினாள்.

"யாருமே இல்லன்னா எப்படி மேடம் உட்கார முடியும்?" என்றாள் ரத்தினபாய்.

"இல்லக்கா. ஆளும் இல்ல, சேரும் இல்லன்னா, இப்பிடித்தான் இருக்கும். வேற மாதிரி இருக்கவே முடியாது. அந்த ஒரு மாதிரிதான் கணக்கு."

பேராசிரியை கண்ணை மூடித் திறந்து ஆமோதித்தாள். மாரி அந்த மகிழ்ச்சியில் நிற்கும்போதே டாக்டர் வந்து அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார். பல் வந்துவிட்டது. பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவன், கடிகாரத்தைக் காட்டி ஏதோ கேட்டான். அவன் கேட்டதும் யாருக்கும் விளங்கவில்லை.

அதற்கப்புறம் ரத்தினபாய் தினம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஒன்பதின் இடத்தில் 3(π − .14) என்று இருந்தது. அது சுலபம் என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் பை என்றால் 3.14. அதில் .14 போனால் மூன்று. மும்மூன்று ஒன்பது. தானே கண்டுபிடித்த சந்தோஷத்தில் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள்.

ஆனால் அன்று மாலை பஸ்ஸில் அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதே பள்ளிக்கூடத்தில் பை என்பது இருபத்திரண்டின் கீழ் ஏழு என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போனதும் வகுத்துப் பார்த்தாள். 3.142 என்று தொடங்கி முடிவில்லாமல் போனது. அதை வைத்துப் போட்டால் ஒன்பதைத் தாண்டிக் கொஞ்சம் வந்தது. இரண்டில் எது சரியான பை? இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லையே, தானும் கேட்கவில்லையே என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

அடுத்த வாரம் பேராசிரியைக்கு ஊசி போடுவதற்கு முன்பே அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டுமே சரியில்லம்மா" என்றாள் அபிதகுஜாம்பாள். அவள் குரலை அன்றுதான் ரத்தினபாய் ஒழுங்காகக் கேட்டாள். வகுப்பின் கடைசி வரிசை வரை போகிற குரல். "ரெண்டும் கிட்டத்தட்டத்தான். நிஜமான பை 3.14159ன்னு போயிண்டே இருக்கும், நிக்காது."

"அப்ப இந்த ஒன்பது?"

பேராசிரியை கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "இத்தனை வாரமா இதுக்கு அடியில உக்காந்திருக்கேன்" என்றாள். "இது தப்பு. ஒன்பதுக்கு ஒரு துளி மேல வரும்."

டாக்டர் வெளியே வந்தார். மகன் அனுப்பிய கடிகாரம் தப்பு என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கவில்லை; உள்ளே போய், கட்டுப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்திரியைக் கொண்டுவந்தார். "ஒட்டிடலாம். சரியா என்ன எழுதணும்?"

"ஒன்பதுன்னு எழுதிட்டா அசிங்கமா இருக்கும்" என்றாள் ரத்தினபாய். அவள் கொஞ்ச நேரம் நாற்காலிகளைப் பார்த்தாள். மூன்று பேருக்கு ஆறு. இரண்டு பேருக்கு இரண்டு. ஒருத்தருக்கு ஒன்று. டோக்கன் அட்டையின் பின்பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு, பிளாஸ்திரித் துண்டில் பேனாவால் 3! + 2! + 1! என்று எழுதினாள்.

பேராசிரியை மனதுக்குள் கூட்டினாள். "அடடே" என்றாள். டாக்டர்தான் ஸ்டூலில் ஏறி ஒட்டினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது ரத்தினபாய் ஏழின் இடத்தைக் காட்டினாள். அங்கே 6.999... என்று மூன்று புள்ளிகளோடு இருந்தது.

"இதையும் மாத்தணும் மேடம். இது ஏழுக்கு ஒரு துளி கம்மி."

"இல்லை. அது சரிதான். அது முழு ஏழு."

"எப்படி மேடம்? அது கொஞ்சம் கூடிச்சுன்னு தப்பு. இது குறையுது, இது சரியா?"

"குறையலை. மூணில் ஒரு பங்கை எப்படி எழுதுவேள்? .333ன்னு முடிவில்லாம. அதை மூணால பெருக்குங்கோ. .999ன்னு வரும். ஆனா மூணு பங்கும் சேர்ந்தா முழுசா ஒண்ணு. அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?"

ரத்தினபாய் யோசித்தாள். "முதல்ல .333ன்னு எழுதினதே ஒரு துளி கம்மியா இருந்தா?"

அபிதகுஜாம்பாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டாக்டர் ஊசியோடு நின்றார். அன்றைக்கு அவளுக்குக் கடைசி சிட்டிங். போகும்போது, மரத்த வாயோடு எதையும் சொல்ல முயலாமல், டோக்கன் அட்டையொன்றில் சேலையூர் முகவரியை எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்ததும் ரத்தினபாய் படப்பையிலிருந்து பஸ் ஏறினாள். வாரம் முழுக்க அவள் அந்த ஒரு துளியைத் தேடியிருந்தாள். ஏழுக்கும் இதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று எழுத முயன்றாள்; சைபர்களாக எழுதிக்கொண்டே போனாளே தவிர, கடைசியில் ஒன்றைப் போட இடமே வரவில்லை. அது அவளைப் பாதி மசிய வைத்திருந்தது. மீதிப் பாதி மசியவில்லை.

சேலையூரில் வீட்டைக் கண்டுபிடித்து மணியை அழுத்தினாள். கையில் கரண்டியோடு கதவைத் திறந்தாள் பேராசிரியை.

"மேடம், நான் இன்னும் முழுசா ஒத்துக்கல" என்றாள் ரத்தினபாய் வாசலிலேயே நின்று.

"நல்லது. உள்ளே வாங்கோ" என்று கதவை அகலத் திறந்தாள் அபிதகுஜாம்பாள். "அடுப்பை அணைச்சுட்டு வரேன். நிதானமா சண்டை போடலாம்."